வொர்க் விசாவில் இங்கிலாந்தில் வீடு வாங்கப் போகிறீர்களா? 3,140 பவுண்டு போன கதையைப் படித்துவிட்டுப் போங்கள்

முதலிலேயே தொகையைச் சொல்லிவிடுகிறேன். 3,140 பவுண்டு. நம்மூர்க் கணக்கில் மூன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல். இன்றைக்கு வீடும் இல்லை, வீட்டுக்கடனும் கிடைக்கவில்லை, அந்தப் பணமும் இல்லை. நேற்று மாலை வங்கியிடமிருந்து ஒரு பிடிஎஃப் வந்தது. அதைப் பார்த்ததிலிருந்து எனக்கும் மனைவிக்கும் தூக்கம் போய்விட்டது. கோபம் ஆறட்டும், நிதானமாக எழுதலாம் என்று காத்திருக்க முடியவில்லை. இதே ஆட்கள் இந்நேரம் அடுத்த குடும்பத்தை உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

பெயர் போடவில்லை, புகார் போய்க்கொண்டிருக்கிறது. "விசாவில் இருக்கிறீர்களா? வீட்டுக்கடன் எங்கள் பொறுப்பு" என்று தமிழில் விளம்பரம் போடுகிற, நம்மவர்களே நடத்துகிற சின்ன மார்ட்கேஜ் புரோக்கர் ஆபீஸ். இவ்வளவு தெரிந்தால் போதும்.

நாங்கள் ரெடிங்கில் வாடகைக்கு இருக்கிறோம். எனக்கு ஸ்கில்டு வொர்க்கர் விசா, மனைவி என் விசாவைச் சார்ந்து வந்த டிபென்டன்ட். இருவருக்கும் வேலை இருக்கிறது. விசா முடிய இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருக்கிறது, கம்பெனி நீட்டித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறது. முன்பெல்லாம் ஐந்து வருடம் ஓட்டி, ஐஎல்ஆர் என்ற நிரந்தர வசிப்புரிமையை வாங்கிவிட்டு அப்புறம் வீடு பார்ப்பார்கள். 2025 மே மாதம் அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கையில் அந்த ஐந்தைப் பத்தாக்கப் போவதாகச் சொன்னபிறகு, எங்களைப் போன்றவர்களுக்கு அந்தக் கணக்கே குலைந்துபோனது. பத்து வருடம் வாடகை கொடுப்பதா? பையன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டான். சரி, இப்போதே வாங்கிவிடலாம் என்று இறங்கினோம்.

அப்பா ஊரில் ஒரு மனையை விற்று 25 லட்சம் அனுப்பினார். நன்கொடையாக வெளிநாட்டுக்கு அனுப்பினால் ஒரு நிதியாண்டில் 10 லட்சத்துக்கு மேல் போகிற தொகைக்கு 20 சதவீதம் டிசிஎஸ் என்று முன்கூட்டியே வரி பிடிப்பார்கள். அப்படிப் பிடித்த 3 லட்சம், அவர் வருமான வரிக் கணக்கு கொடுத்தபிறகுதான் திரும்ப வரும். அது தனி. எழுபது வயது மனிதர் வங்கிக்கு அலைந்து, கையெழுத்துப் போட்டு அனுப்பிய பணம் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எப்படி நம்பினோம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். சொல்கிறேன். ஆபீஸுக்குள் போனதும் அந்த ஆள் எழுந்து வந்து கைகொடுத்தார். "தம்பிக்கு எந்த ஊரு?" கோவில்பட்டி என்றேன். "அட, நமக்குச் சங்கரன்கோவில்லா!" என்றார். அவ்வளவுதான். டீ வந்தது, பையனுக்கு பிஸ்கட் வந்தது. மனைவியைத் தங்கச்சி என்றே கூப்பிட்டார். தானும் விசாவில் வந்து கஷ்டப்பட்டவன்தான் என்றார். சுவரில் சான்றிதழ்கள், மேசையில் வீட்டுச் சாவியோடு சிரிக்கும் குடும்பங்களின் படங்கள். "இவங்க எல்லாருமே உங்களை மாதிரி விசாவுலதான் வந்தாங்க தம்பி. பத்து பர்சென்ட் டெபாசிட் போதும். விசாவை நான் பாத்துக்கிடுதேன்."

வேறு இடங்களில் இங்கிலீஷில் தயங்கித் தயங்கிக் கேட்டு, "25 சதவீதம் டெபாசிட் (வீட்டு விலையில் நாம் கையிலிருந்து போடும் பங்கு) இருக்கிறதா?" என்ற ஒரே கேள்வியில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் நாங்கள். நெல்லைத் தமிழில் ஒருவர் அப்படிச் சொன்னதும் மனைவி கண் கலங்கிவிட்டாள். அந்தக் கண்ணீரைப் பார்த்துக்கொண்டேதான் அவர் கட்டண ரசீதை எடுத்து நீட்டினார். முதலில் 495 பவுண்டு, முழு விண்ணப்பம் போடும்போது 800. மொத்தம் 1,295. இங்கே எத்தனையோ புரோக்கர்கள் வாடிக்கையாளரிடம் ஒரு பென்னிகூட வாங்குவதில்லை, கடன் முடிந்தபிறகு வங்கி தரும் கமிஷனே போதும் என்று இருக்கிறார்கள். அதைக் கேட்டதற்கு, "விசா கேஸு ஸ்பெஷல் தம்பி, வேலை ஜாஸ்தி" என்றார்.

இரண்டே நாளில் டிஐபி வந்தது. அதாவது, நீங்கள் சொன்ன விவரங்கள் உண்மையானால் இவ்வளவு கடன் தரலாம் என்று வங்கி தருகிற முதற்கட்டக் காகிதம். கடன் உறுதி என்று அதற்கு அர்த்தமில்லை. அவரோ "லோன் ஆச்சு, வீட்டைப் பாருங்க" என்றார். 3,35,000 பவுண்டுக்கு, வரிசையாக ஒட்டிக் கட்டிய டெரஸ் வீடு ஒன்று அமைந்தது. பத்து சதவீதம் என்றால் 33,500, எங்களிடம் இருந்தது. ஆஃபர் ஏற்றுக்கொள்ளப்பட்டது. பத்திர வேலை பார்க்கும் வக்கீலான சாலிசிட்டரையும் அவரே காட்டினார், வீட்டின் நிலையைச் சோதித்து சர்வே செய்பவரையும் அவரே காட்டினார். "சீக்கிரம் கட்டுங்க, இல்லன்னா வீடு கைவிட்டுப் போயிரும்."

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். 2024 டிசம்பர் கடைசியோடு, விசா நிலையைக் காட்டும் பிஆர்பி அட்டைகள் காலாவதியாகிவிட்டன, இப்போது எல்லோருக்கும் இணையத்தில் இருக்கும் இவிசாதான். விசா நிலையைக் காட்ட, அதை இணையத்தில் சரிபார்க்க உதவும் ஷேர் கோடு எடுத்துக் கொடுக்க வேண்டும். நான் அதைத் தர முன்வந்தபோதும் அவர் வாங்கவில்லை. "பேங்க் கேக்கும்போது பாத்துக்கலாம்."

பேங்க் கேட்டது. முழு விண்ணப்பம் போய், சர்வே முடிந்து, சாலிசிட்டர் கவுன்சில் சர்ச், தண்ணீர் சர்ச் என்று வீட்டைப் பற்றிய விசாரணை எல்லாம் போட்டபிறகு கேட்டது. கோடு கொடுத்தோம். அப்புறம் ஒரு சத்தமும் இல்லை.

அங்கிருந்து தொடங்கியது அலைக்கழிப்பு. "அண்டர்ரைட்டர் லீவு தம்பி." கடன் தரலாமா என்று முடிவுசெய்யும் வங்கி ஆள்தான் அண்டர்ரைட்டர். அடுத்த வாரம், "சிஸ்டத்துல பிரச்சினையாம்." அதற்கடுத்து, "ரிவ்யூல இருக்கு, பயப்படாதீங்க." வீட்டு ஏஜென்ட் எங்களை நெருக்க, பொறுக்கமுடியாமல் நானே வங்கிக்குப் போன் செய்தேன். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு வாரக்கணக்கில் ஆகிவிட்டது, புரோக்கருக்கு அன்றைக்கே தெரிவித்துவிட்டோம் என்றார்கள். தெரிந்துகொண்டேதான் அந்த ஆள் என்னிடம் "பயப்படாதீங்க" என்று சொல்லியிருக்கிறார். அந்த இடைவெளியில்தான் சாலிசிட்டர் வேலையைத் தொடர்ந்து செய்து பில்லை ஏற்றினார். வீடு வேறொருவருக்குப் போய்விட்டது.

கணக்கு இதுதான். புரோக்கர் 1,295. சர்வே 640. சாலிசிட்டரும் சர்ச்சுகளும் 1,205. ஆக 3,140 பவுண்டு.

நேரில் போனேன். டீ வரவில்லை. வரவேற்பில் இருந்த பெண் "சார் மீட்டிங்ல இருக்காங்க" என்றாள், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அவர் யாருக்கோ சிரித்துக் கைகொடுத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரிகிறது. போனில் கேட்டால், வங்கி பாலிசியை மாற்றிவிட்டார்களாம். ஈமெயிலில் கேட்டால், செய்த வேலைக்கான கட்டணம், திருப்பித் தர இயலாது என்று இங்கிலீஷில் இரண்டு வரி. ஊர்த்தமிழ் எல்லாம் பணம் வாங்கும்வரைதான். எழுத்துபூர்வமாகப் புகார் கொடுக்கப் போகிறேன் என்றதும்தான் மறுபடி தமிழ் வந்தது. "நம்ம ஆளுங்களே இப்படிப் பண்ணலாமா தம்பி? விசாவுல இருக்கீங்க. புகாரு கிகாருன்னு போனா பொறவு உங்களுக்குத்தான் சிக்கல்."

இதை மட்டும் நான் மன்னிக்கமாட்டேன். நிதி நிறுவனத்தின் மேல் புகார் கொடுப்பதற்கும் விசாவுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. விசாவில் இருப்பவன் வாயைத் திறக்கமாட்டான் என்ற தைரியத்தில்தான் இந்தத் தொழிலே நடக்கிறது.

இப்போது அந்த பிடிஎஃப். நம்மைப் பற்றி ஒரு நிறுவனம் என்னென்ன வைத்திருக்கிறது என்று எழுதிக் கேட்டால், பொதுவாக ஒரு மாதத்துக்குள் இலவசமாகத் தரவேண்டும் என்பது இங்கே தரவுப் பாதுகாப்புச் சட்டம். அப்படி வங்கியிடம் கேட்டு வாங்கினேன். என் பெயரில் போன டிஐபி விண்ணப்பத்தில், குடியேற்ற நிலை என்ற இடத்தில், நிரந்தர வசிப்புரிமை உள்ளவர் என்று போட்டிருக்கிறது! நான் எங்கும் அப்படிச் சொல்லவில்லை. நான் அனுப்பிய ஈமெயில்களில் விசா முடியும் தேதிவரை இருக்கிறது. பத்து சதவீத டெபாசிட்டில் இரண்டே நாளில் டிஐபி எப்படி வந்தது என்பது நேற்றுத்தான் புரிந்தது.

பணத்தைவிட இதுதான் வயிற்றைக் கலக்குகிறது. கடன் விண்ணப்பத்தில் பொய் விவரம் என்றால் இங்கே மோசடி. வங்கி அதை சிஃபாஸ் என்ற மோசடித் தரவுத்தளத்தில் என் பெயருக்கு எதிராகப் பதிந்தால் ஆறு வருடம்வரை இருக்கலாம். அப்புறம் கடன் என்ன, வங்கிக் கணக்கு திறப்பதே கஷ்டம். அங்கே என் பெயர் இருக்கிறதா என்று கேட்டு எழுதியிருக்கிறேன், பதில் வரவில்லை. நான் போடாத டிக் அது. மாட்டிக்கொள்ளப் போகிறவன் நான்.

அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை. "சாவி எப்பம்டே வாங்குத?" என்று நேற்றும் கேட்டார்.

என்னென்ன பார்க்கவேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இந்த மனநிலையில் முடியவில்லை. அவசரமாகச் சில மட்டும்.

வீட்டுக்கடன் கிடைக்கிறதுக்கு முன்னாலேயே பெரிய கட்டணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். நிதி நிறுவனங்களைக் கண்காணிக்கும் எஃப்சிஏ அமைப்பின் பதிவேட்டில் அந்த நிறுவனத்தின் எண்ணைப் போட்டுப் பாருங்கள். சின்ன ஆபீஸ்கள் பல, வேறொரு பெரிய நிறுவனத்தின் பிரதிநிதியாகத்தான் பதிவாகியிருக்கும், அந்தப் பெரிய நிறுவனத்திடமும் புகார் கொடுக்கலாம். எனக்கு அது இப்போதுதான் தெரிந்தது, அங்கேயும் அனுப்பிவிட்டேன்.

விசா நிபந்தனை வங்கிக்கு வங்கி மாறும். ஒருவர் இங்கே எத்தனை வருடம் இருந்திருக்கிறீர்கள் என்று பார்ப்பார், இன்னொருவர் விசாவில் எத்தனை மாதம் பாக்கி என்று பார்ப்பார், இன்னொருவர் டெபாசிட்டைக் கூட்டுவார். புரோக்கர்களுக்கென்று வங்கிகள் வைத்திருக்கும் இணையப் பக்கங்களில் இதெல்லாம் வெளிப்படையாகவே இருக்கிறது, யாரும் படிக்கலாம். எந்த வங்கி, எந்த நிபந்தனை என்று புரோக்கரை ஈமெயிலில் எழுதித் தரச் சொல்லுங்கள். வாய்வார்த்தை வேண்டாம்.

ஊரில் உங்கள் பெயரில் வீடு இருந்தால் இங்கே வாங்குவது இரண்டாவது வீடாகக் கணக்காகி, பெரும்பாலும் ஸ்டாம்ப் டியூட்டியில் 5 சதவீதம் கூடுதலாக வரும். எங்கள் ஆள் இதைக் கேட்கவே இல்லை, சாலிசிட்டர்தான் கேட்டார்.

புகாரை எழுத்தில் கொடுங்கள். எட்டு வாரத்துக்குள் இறுதிப் பதில் தரவேண்டும். தராவிட்டாலோ, பதில் சரியில்லை என்றாலோ, இந்த மாதிரி நிதிப் புகார்களை விசாரிக்கும் ஃபைனான்ஷியல் ஓம்புட்ஸ்மனிடம் போகலாம், நமக்குச் செலவில்லை. இறுதிப் பதில் வந்து ஆறு மாதத்துக்குள் போகவேண்டும். நான் போகிறேன், 3,140 பவுண்டையும் கேட்கப்போகிறேன்.

ஏற்கனவே இந்த மாதிரி ஆபீஸில் டிஐபி வாங்கி வைத்திருப்பவர்கள், இன்னும் ஒரு பவுண்டுகூடக் கட்டாதீர்கள். உங்கள் பெயரில் போன விண்ணப்பத்தின் நகலை இன்றைக்கே கேளுங்கள். குடியேற்ற நிலை என்ற இடத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். தர மறுத்தால் நேராக வங்கியிடம் கேளுங்கள்.