விளிம்புக்கல் இருக்கட்டும், கார் ஏறி இறங்கட்டும்: தெரு வடிவமைப்பில் எதைத் தேர்ந்தெடுப்பது?

எல்லாருக்கும் ஏற்ற தெரு என்று பேச ஆரம்பித்தால் பெரும்பாலும் இரண்டு வரைபடங்கள்தான் போட்டிக்கு நிற்கும். ஒன்றில் நடைபாதை உயரத்தில், சாலை தாழ்வில், இரண்டுக்கும் நடுவே விளிம்புக்கல். நாம் காலங்காலமாகப் பார்க்கும் தெரு. இன்னொன்றில் விளிம்பே கிடையாது. இந்தப் பக்கச் சுவரிலிருந்து அந்தப் பக்கச் சுவர் வரை ஒரே கல்தளம், சிக்னல் இல்லை, கோடு இல்லை, கார்காரரும் சைக்கிள்காரரும் நடப்பவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து விட்டுக்கொடுத்துப் போக வேண்டும். இதற்கு ‘ஷேர்டு ஸ்பேஸ்’ என்று பெயர். சமதளத் தெரு என்று வைத்துக்கொள்வோம்.

படத்தில் பார்த்தால் சமதளத் தெருதான் கண்ணைப் பறிக்கும். படி இல்லை, தடுக்கல் இல்லை, சக்கர நாற்காலிக்கு இதைவிட என்ன வேண்டும் என்று தோன்றும். ஆனாலும் நான் விளிம்புக்கல்லின் பக்கம்தான் நிற்கிறேன், ஒரு திருத்தத்தோடு. அந்தத் திருத்தம் மூன்றாவது தேர்வாகக் கீழே வருகிறது.

சமதளத் தெரு எங்கே ஜெயித்தது, எங்கே தோற்றது

இதன் வேர் நெதர்லாந்தில் இருக்கிறது. டெல்ஃப்ட் நகரத்தில் 1960களின் கடைசியில் ‘வூனெர்ஃப்’ என்ற குடியிருப்புத் தெரு வடிவம் உருவானது. குழந்தைகள் விளையாடும், வண்டிகள் நடை வேகத்தில் மட்டுமே ஊர்ந்து போகும் தெரு. 1976ல் அந்த நாட்டுச் சட்டமே அதை அங்கீகரித்தது. அங்கே அது நன்றாக நடந்தது, இன்றும் நடக்கிறது. காரணம் எளிது: அந்தத் தெருக்களில் வண்டியே குறைவு, வருகிற வண்டியும் பெரும்பாலும் அங்கே குடியிருப்பவருடையது.

சிக்கல் வந்தது அந்த யோசனையைப் பெரிய சாலைக்குத் தூக்கிக்கொண்டு போனபோது. ஹான்ஸ் மோண்டர்மன் என்ற டச்சுப் போக்குவரத்துப் பொறியாளர் டிராக்டன் என்ற ஊரில் ஒரு பரபரப்பான சந்திப்பிலிருந்து சிக்னல்களை எடுத்துவிட்டார். நாளொன்றுக்குச் சுமார் இருபதாயிரம் வண்டிகள் போகும் இடம் அது. பார்க்க வந்தவர்களிடம் பேசிக்கொண்டே, வண்டிகள் வரும் திசையைப் பார்க்காமல் பின்பக்கமாக நடந்து சாலையைக் கடந்து காட்டுவார், வண்டிகள் நின்று வழிவிடும். ஓட்டுநருக்குக் கொஞ்சம் குழப்பம் இருந்தால் தானாக வேகத்தைக் குறைப்பார் என்பது அவர் வாதம், அதில் உண்மையும் இருக்கிறது.

ஆனால் அந்த ஏற்பாடு முழுக்க எதன் மேல் நிற்கிறது என்று யோசித்துப் பாருங்கள். கண்ணோடு கண் பார்ப்பதன் மேல். பார்வையற்றவருக்கு அது இல்லவே இல்லை. நான்கு வயதுக் குழந்தையின் தலை பெரிய காரின் முன்பக்க உயரத்தைக்கூடத் தாண்டாது. ஆட்டிசம் உள்ள பலருக்கு அந்நியரின் கண்ணைப் பார்ப்பதே பெரும்பாடு. இரவில், முகப்பு விளக்கு அடிக்கும்போது, உள்ளே இருப்பவர் என்ன நினைக்கிறார் என்று யாருக்குமே தெரியாது. காதை நம்பிக் கடக்கலாம் என்றால் சைக்கிளுக்குச் சத்தமில்லை, மின்சாரக் கார் மெதுவாகப் போகும்போது சத்தமில்லை. அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2019 முதல் புதிய மின்சார மாடல்கள் 20 கிலோமீட்டர் வேகம் வரை செயற்கையாகவாவது ஒலி எழுப்ப வேண்டும் என்று விதித்தது.

லண்டனில் எக்ஸிபிஷன் ரோடு 2011 இறுதியில் இப்படிச் சமதளமாக்கப்பட்டது, படங்களில் பிரமாதமாக இருக்கும். 2015ல் பார்வையற்ற பாராலிம்பிக் நீச்சல் வீரரும் பிரபுக்கள் அவை உறுப்பினருமான கிறிஸ் ஹோம்ஸ் பிரிட்டன் முழுவதும் இருக்கும் இத்தகைய தெருக்களைப் பற்றி ஒரு அறிக்கை வெளியிட்டார். பதில் சொன்னவர்களில் 63 சதவீதம் பேர் தங்கள் அனுபவம் மோசம் என்றார்கள், மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானோர் அந்த இடங்களுக்குப் போவதையே தவிர்ப்பதாகச் சொன்னார்கள். இரண்டாவது விவரம்தான் எனக்கு முக்கியம். வருவதை நிறுத்தியவர் விபத்துப் பட்டியலில் வரமாட்டார், அதனால் தெரு பாதுகாப்பாகிவிட்டது போலக் கணக்கு காட்டும். 2018ல் பிரிட்டிஷ் அரசே புதிய சமதளத் திட்டங்களை நிறுத்தி வைக்கும்படி உள்ளாட்சிகளைக் கேட்டுக்கொண்டது.

விளிம்புக்கல் என்ன வேலை செய்கிறது

வண்டி ஏறாமல் தடுப்பதும் மழைநீரை ஓட்டுவதும்தான் அதன் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். வெள்ளைக்கோல் பிடித்து நடப்பவருக்கு அதுதான் எல்லைக்கோடு. வழிகாட்டி நாய்களுக்கும் விளிம்பு வந்தால் நிற்கத்தான் பயிற்சி கொடுக்கிறார்கள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பார்வையற்றவர்களை வைத்துச் சோதித்துப் பார்த்ததில் 60 மில்லிமீட்டர் உயரமாவது இருந்தால்தான் நம்பகமாகக் கண்டுபிடிக்க முடிகிறது என்று தெரிந்தது. அழகுக்காக 25 மில்லிமீட்டரில் ஒரு மெல்லிய விளிம்பு வைக்கிறார்களே, அது யாருக்கும் உதவாது. கோலுக்கு எட்டாது, சக்கரத்தை மட்டும் தடுக்கும், வயதானவர் கால் தடுக்கி விழுவார்.

சரி, சக்கர நாற்காலிக்கு? அவருக்கு 60 மில்லிமீட்டரும் சுவர்தான். அதனால் கடக்கிற இடங்களில் விளிம்பை இறக்கிச் சாய்தளம் போடும் வழக்கம் வந்தது. அமெரிக்காவில் கலமசூ நகரில் 1940களில் போரில் காயமடைந்து திரும்பியவர்களுக்காக இப்படிச் செய்தார்கள், 1970களில் பெர்க்லி நகரில் மாற்றுத்திறனாளிகள் போராடி ஊர் முழுக்கக் கொண்டுவந்தார்கள். அப்புறம் பார்த்தால் குழந்தை வண்டி தள்ளுபவர், பெட்டி இழுப்பவர், சரக்கு இறக்குபவர் என்று எல்லாருமே அந்தச் சாய்தளத்தில்தான் போகிறார்கள்.

ஆனால் சாய்தளம் போட்ட அதே இடத்தில் பார்வையற்றவரின் எல்லைக்கோடு அழிந்துபோகிறது. அந்த இழப்பை ஈடுகட்டத்தான் மேடு வைத்த டாக்டைல் டைல். ஜப்பானின் செய்ச்சி மியாகே உருவாக்கியது, 1967ல் ஒகயாமா நகரில் பார்வையற்றோர் பள்ளி ஒன்றின் அருகே முதன்முதலாகப் பதித்தார்கள். நீளக் கோடு என்றால் இந்தத் திசையில் போ, புள்ளிகள் என்றால் நில். இதை அலங்காரமாக நினைத்துப் பதிப்பவர்கள் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. கோடு நேராக மின்கம்பத்தில் போய் முட்டும், சாக்கடை மூடியைத் திறந்து மூடியவர் டைலைத் திருப்பி வைத்துவிட்டுப் போயிருப்பார், புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் கோடு இருக்கும். காலால் படிக்கிற எழுத்து அது. பிழையோடு பதித்தால் ஒருவரை நேராக வண்டிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தும்.

மூன்றாவது தேர்வு: மனிதர் இறங்க வேண்டாம், வண்டி ஏறட்டும்

என் ஓட்டு இதற்குத்தான். தெரு நெடுக விளிம்புக்கல் இருக்கும். கடக்கிற இடத்தில் நடைபாதையைக் கீழே இறக்காமல் சாலையை நடைபாதை உயரத்துக்குத் தூக்கிவிடுவது. நடப்பவர் அதே மட்டத்தில் நேராகப் போய்விடுவார், கார்தான் மேடு ஏறி இறங்க வேண்டும். சக்கர நாற்காலிக்குச் சாய்வே கிடையாது. ஓரத்தில் புள்ளி டைல் போட்டால் பார்வையற்றவருக்கு எல்லை தெரியும். கூடவே அதுவே வேகத்தடையாகவும் ஆகிவிடுகிறது. வேகம் 50லிருந்து 30 கிலோமீட்டராகக் குறைந்தால் மோதும் ஆற்றல் 36 சதவீதமாகச் சுருங்கிவிடும், ஏனென்றால் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. பலகை வைத்து வேகம் குறைந்ததை விட மேடு வைத்துக் குறைந்ததுதான் அதிகம்.

குறையும் உண்டு. ஓரமாக ஓடிவரும் மழைநீரை இந்த மேடு அணை போல நிறுத்திவிடும். மேட்டுக்கு முன்னாலேயே நீர் இறங்கும் வாய் வைக்க மறந்தால் முதல் மழையிலேயே கடக்கிற இடம் குளமாகி, செலவு செய்ததெல்லாம் வீண். பஸ் போகும் சாலையில் ஏற்றம் நீளமாக, மெதுவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பஸ்ஸுக்குள் நிற்கும் முதியவர் தூக்கி எறியப்படுவார். அப்புறம், கிளைத் தெரு முனையில் நடைபாதையை அப்படியே தொடர்ந்து கொண்டுபோகும்போது, தான் வண்டிப் பாதைக்குள் வந்துவிட்டோம் என்பதே பார்வையற்றவருக்குத் தெரியாமல் போகலாம். அந்தக் கிளைத் தெருவில் வண்டி அதிகம் என்றால் அங்கேயும் புள்ளி டைல் கட்டாயம்.

அகலச் சாலையில் நடைமேம்பாலமா, சிக்னலா

இதில் நீண்ட அலசலே தேவையில்லை, ஒரு கணக்குப் போதும். வண்டிகள் அடியில் போக வேண்டுமானால் பாலத்தின் நடைத்தளம் ஏறக்குறைய 6 மீட்டர் உயரத்தில் வரும். 12க்கு 1 என்ற சாய்வில் சக்கர நாற்காலி ஏற ஒரு பக்கத்துக்கு மட்டும் 72 மீட்டர் சாய்தளம், நடுநடுவே நின்று மூச்சுவாங்கும் தட்டுகளையும் சேர்த்தால் 80 மீட்டரைத் தாண்டும். அந்தப் பக்கம் இறங்க இன்னொரு 80. பதினான்கு மீட்டர் சாலையைக் கடக்க ஒருவரை 160 மீட்டர் தன் கையால் சக்கரத்தைத் தள்ளச் சொல்கிறோம். லிஃப்ட் வைக்கலாம் என்பார்கள். லிஃப்ட் பழுதான நாளில் அவர் வீட்டுக்குத் திரும்ப முடியாது. சுரங்கப்பாதைக்கும் இதே கதி, கூடவே இருட்டும் தண்ணீரும்.

சிக்னல்தான் சரி, ஆனால் விநாடிகளில் கஞ்சத்தனம் கூடாது. நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பார்கள் என்று வைத்துத்தான் பல இடங்களில் பச்சை விளக்கு அமைந்தது. அமெரிக்க விதிமுறை 2009ல் அதைச் சுமார் 1.07 ஆகக் குறைத்தது. அந்தப் பதினான்கு மீட்டரை 1.2 வேகத்தில் கடக்க 12 விநாடிக்குக் குறைவு, 0.8 வேகத்தில் நடக்கும் முதியவருக்குப் பதினேழரை. நடுவிலேயே அவருக்குச் சிவப்பு விழுந்துவிடும். சிங்கப்பூர் 2009லிருந்து ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறது: முதியவரோ மாற்றுத்திறனாளியோ தன் அட்டையைக் கம்பத்தில் தட்டினால் 3 முதல் 13 விநாடிகள் வரை பச்சை நீளும். நல்ல ஏற்பாடு. அதைவிட நல்லது சாலையையே குறுக்குவது, ஏனென்றால் ஒரு தடம் குறைந்தால் அட்டை எடுத்துவர மறந்தவருக்கும் அது உதவும்.

சைக்கிள் பாதையும் பஸ் நிறுத்தமும்

நிஜமாகவே இரண்டு நல்ல விஷயங்கள் மோதும் இடம் இது. சைக்கிள்காரர் பாதுகாப்பாகப் போக, பஸ் நிறுத்தத்தைத் தீவு போலச் சாலைப் பக்கம் தள்ளி, பின்னால் சைக்கிள் பாதையை விடுகிறார்கள். பார்வையற்றவர் பஸ் ஏற அந்தச் சத்தமில்லாத பாதையைக் கடந்தாக வேண்டும். இறங்கும் படிக்கு நேர் கீழே சைக்கிள் வரும்படி அமைப்பதை நான் எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க மாட்டேன். தீவு போதிய அகலமாக இருந்து, குறுக்கே தூக்கிவைத்த ஜீப்ரா கிராசிங் ஒன்று இருந்து, அங்கே சைக்கிள் பாதை குறுகி வேகம் குறைந்தால் ஏற்கலாம். இடம் இல்லையென்றால் காரின் தடத்திலிருந்து எடுங்கள், நடப்பவரிடமிருந்து எடுக்காதீர்கள்.

பசுமைக்கும் சக்கரத்துக்கும் சண்டை வேண்டாம்

தண்ணீர் மண்ணுக்குள் இறங்க வேண்டும், அதனால் இடைவெளி விட்ட கற்கள் பதிக்கலாம் என்பது ஒரு தரப்பு. அந்த இடைவெளியில் சக்கர நாற்காலியின் சின்ன முன்சக்கரம் சிக்கும், கைத்தடி நுனி இறங்கும், முதுகுத்தண்டில் காயம் உள்ளவருக்கு ஒவ்வொரு குலுக்கலும் வலி. வழவழப்பான கான்கிரீட் மட்டும் போதும் என்பது இன்னொரு தரப்பு. அதில் வெயிலும் வெள்ளமும் சேர்ந்து வரும். தெருவின் குறுக்குவெட்டைப் பார்த்தால் சண்டைக்கே அவசியமில்லை: நடக்கும் பட்டை இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே போகும்படி 1.8 மீட்டராவது சமமாக, திடமாக இருக்கட்டும். நீர் உறிஞ்சும் கல், மரம், மழைநீர்த் தோட்டம் எல்லாம் அதற்கும் சாலைக்கும் நடுவிலுள்ள பட்டையிலும் வண்டி நிறுத்தும் இடத்திலும் வரட்டும். மழைநீர்ப் பள்ளத்தின் ஓரத்தில் கோலுக்குத் தட்டுப்படும்படி ஒரு சிறு கரை மட்டும் மறக்காமல் வேண்டும். மரத்தைக் குறைக்கச் சொல்வதை நான் ஏற்கவே மாட்டேன், நிழலும் அதன் கீழ் ஒரு பெஞ்சும் இல்லாவிட்டால் எத்தனையோ முதியவர்களுக்கு அந்தத் தெருவின் அடுத்த முனை எட்டாத தூரம்.

அப்படியானால் சமதளத் தெரு எங்குமே வேண்டாமா?

வேண்டும், வண்டிகளைக் குறைத்த பிறகு. ஸ்பெயினின் பொன்டெவெத்ரா 1999லிருந்து நகர மையத்தில் தேவையில்லாமல் நுழையும் கார்களை வெளியேற்றியது, தெருக்களை ஒரே மட்டமாக்கியது. அங்கே அது பலித்ததற்குக் காரணம் கல்தளம் அல்ல, காலியான சாலை. முதலில் போக்குவரத்தைக் குறைத்துவிட்டு அப்புறம் விளிம்பை எடுத்தால் எடுக்கலாம், அப்போதும் சுவரோரமாக வண்டி வராத ஒரு பட்டையை டாக்டைல் எல்லையோடு விட வேண்டும். வரிசையை மாற்றி, விளிம்பை எடுத்தால் வண்டி தானாகக் குறையும் என்று நம்பியவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள்.

எந்த வடிவம் என்றாலும் கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் பெயின்ட், பூந்தொட்டி, தற்காலிக ரப்பர் மேடு இவற்றை வைத்துச் சில மாதம் ஓட்டிப் பார்க்கலாம், செலவு சொற்பம். அந்தச் சோதனைக் காலத்தில் வெள்ளைக்கோல்காரரையும் சக்கர நாற்காலிக்காரரையும் தனித்தனியாக அல்ல, ஒரே நேரத்தில் அழைத்து நடக்கச் சொல்ல வேண்டும். தனித்தனியாகக் கேட்டால் ஒருவர் விளிம்பு வேண்டும் என்பார், மற்றவர் வேண்டாம் என்பார், கேட்டவர் தனக்கு வசதியானதை எடுத்துக்கொள்வார். கடக்கிற இடத்தில் இருவரும் சேர்ந்து நின்றால் டைல் எங்கே வர வேண்டும், சமதளம் எத்தனை அகலம் போதும் என்று அவர்களே பேசி முடித்துவிடுவார்கள். நடந்து காட்டியதற்குக் கூலியும் கொடுங்கள், அது ஆலோசகர் வேலைதான்.