வெயிலில் ஓடுபவர்களுக்கு ஸ்பிரே சன்ஸ்கிரீன்: எதை வாங்கலாம்?

ஓட்டம், சைக்கிள், டென்னிஸ் என்று வியர்ப்பவர்களுக்கு ஸ்பிரேயால் பெரிய லாபம் ஒன்றுதான்: கையெல்லாம் பிசுபிசுக்காமல் நடுவில் மறுபடி அடித்துக்கொள்ளலாம். வீட்டிலிருந்து கிளம்பும்போது போடும் முதல் பூச்சுக்கு க்ரீமே மேல்.

காரணம், அளவு. எஸ்.பி.எஃப். (வெயிலைத் தடுக்கும் திறன்) எண்ணைச் சோதிப்பது ஒரு சதுர செ.மீ.க்கு 2 மி.கி. என்ற கனத்தில். ஸ்பிரேயை லேசாக வீசினால் அந்த அளவு தோலில் நிற்காது. காற்றடித்தால் இன்னும் மோசம். 10–15 செ.மீ. தள்ளிப் பிடித்து, தோல் ஈரமாகப் பளபளக்கும் வரை அடித்து, கையால் தேய்த்துவிடுங்கள். தேய்க்காவிட்டால் விட்டுப்போன இடம் மட்டும் பட்டை பட்டையாகச் சிவக்கும். காது மடல், பின்கழுத்து, முழங்கால் பின்புறம் எப்போதும் விட்டுப்போகிறவை. முகத்தில் நேராக அடிக்காதீர்கள். உள்ளங்கையில் அடித்துத் தடவுங்கள். புருவத்துக்கு மேல் கொஞ்சமாகப் போதும், வியர்வையோடு கண்ணில் இறங்கினால் எரிச்சல் தாங்காது.

லேபிளில் எஸ்.பி.எஃப். 30-ஆ, 50-ஆ என்று அலட்டிக்கொள்ள வேண்டாம்: தோலைச் சிவக்கவைக்கும் யு.வி.பி. கதிரில் 30 சுமார் 97 சதவீதத்தையும், 50 சுமார் 98 சதவீதத்தையும் தடுக்கும். 'வாட்டர் ரெசிஸ்டன்ட் 80 நிமிடம்' (வியர்வை, தண்ணீரில் 80 நிமிடம் தாங்கும்), 'பிராட் ஸ்பெக்ட்ரம்' (யு.வி.ஏ., யு.வி.பி. இரு கதிர்களையும் தடுக்கும்) இரண்டும் இருக்கிறதா பாருங்கள்.

ஏரோசலா (வாயு அழுத்தத்தில் பீய்ச்சும் டப்பா), விரலால் அழுத்தும் பம்ப்பா? பம்ப்தான். ஏரோசல் டப்பாவில் வாயுவுக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறோம். 2021 ஜூலையில் ஜான்சன் அண்ட் ஜான்சன், புற்றுநோய் உண்டாக்கும் பென்சீன் கலந்திருந்ததால் நியூட்ரோஜினா, அவீனோ ஏரோசல்களைத் திரும்பப் பெற்றது. ஏரோசல்தான் வேண்டுமென்றால் வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்காதீர்கள்; வெடிக்கலாம்.