வன்னி உள்வீதிகளில் ஒற்றைக் கியர் சைக்கிள்: பல வருடப் பாவனைக்குப் பிறகு

இலங்கையின் வடக்கே இருக்கும் வன்னியில் மலை கிடையாது. வவுனியாவிலிருந்து ஆனையிறவு வரைக்கும் ஏ9 வீதியில் ஓடினாலும் இறங்கி உருட்ட வைக்கும் ஏற்றம் ஒன்றைக் காட்ட முடியாது. ஆனால் ஏற்றம் செய்கிற வேலையை இங்கே காற்று செய்கிறது. இந்தப் பக்கத்து உள்வீதிகளில் பல வருடங்களாக ஒரு சாதாரண லுமாலா சைக்கிளில் திரிகிறேன். புதிதாக வருகிறவர்கள் "எத்தனை கிலோமீற்றர்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். எந்த மாதம், எந்தத் திசை, எத்தனை மணிக்கு என்று கேட்பதுதான் பிரயோசனம்.

வைகாசியில் தொடங்கினால் புரட்டாதி வரைக்கும் சோளகம். தென்மேற்கிலிருந்து வரும். விடியற்காலையில் இலை அசையாது. வெயில் ஏற ஏற அதுவும் எழும்பி, மத்தியானத்தில் வெட்டவெளியில் ஆளை நிறுத்தியே விடும். ஆகவே மாங்குளத்திலிருந்து துணுக்காய், மல்லாவி, வவுனிக்குளம் என்று மேற்கே போவதானால் நிலம் வெளித்ததும் புறப்பட்டுவிட வேண்டும். போகும்போது காற்றிருக்காது, திரும்பும்போது முதுகில் தள்ளும். இதே கணக்கைப் பூநகரி–மன்னார் ஏ32 வீதிக்கும் வைத்துப் பாருங்கள். ஆடியில் பூநகரியிலிருந்து தெற்கே போவது உடம்பை வருத்துகிற வேலை. மன்னாரிலிருந்து வடக்கே வந்தால் அதே வீதி பாதிக் களைப்போடு முடியும். மார்கழியில் வாடை வீசும்போது எல்லாம் தலைகீழ்.

மாரி நடுவில் போகச் சொல்ல மாட்டேன். கிரவல் வீதிகள் சேறாகும், பாலங்களுக்கு மேலால் தண்ணீர் போகும். 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. என் விருப்பம் மாசியும் பங்குனி முற்பாதியும். குளங்கள் நிரம்பிக் கிடக்கும், வெயில் இன்னும் கடுக்காது. காலபோக அறுவடை முடிந்து வீதியில் நெல் காயப்போட்டிருப்பார்கள். பாதி வீதி நெல்லாகத்தான் இருக்கும். அதன்மேல் சில்லை விடாமல் மற்றப் பக்கத்தால் மெல்லப் போக வேண்டும். ஒரு குடும்பத்தின் அரை வருட உழைப்பு அது.

சரி, சைக்கிளைப் பற்றி. 28 அங்குலச் சில்லு, ஒற்றைக் கியர், கம்பி பிரேக், பின்னால் கனமான கரியர். கியர் சைக்கிளோடு வந்த நண்பர்களோடு சேர்ந்து ஓடியிருக்கிறேன். தார் வீதியில் அவர்களுடையது வேகம்தான். ஆனால் செம்மண் தூசி ஒரு நாளிலேயே கியர்ப் பற்களுக்குள் ஏறிவிடும், அப்புறம் ஒவ்வொரு மாற்றலுக்கும் கரகரவென்று அரைக்கும். என்னுடையதில் கெடுவதற்கு அதிகம் இல்லை. கெட்டாலும் எந்தச் சந்தியிலும் பழுது பார்க்க ஆள் உண்டு. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது பெற்றோல் இல்லாமல் வன்னி முழுவதும் சைக்கிளில்தான் அசைந்தது. நெல் மூட்டை, விறகு, நோயாளி எல்லாம் அதன் கரியரில்தான் போயின. அந்தக் கைப்பழக்கம் இன்னும் இங்கே இருக்கிறது. நடுத்தர வயது தாண்டிய ஒருவர் சில்லைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தே எந்தக் கம்பி தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

பாவனையில் தேய்ந்தவை என்று பார்த்தால், பின் ரயர்தான் முதலில் போகும். பெடல் தண்டை அச்சோடு பூட்டும் சின்ன ஆப்பு அடிக்கடி தளரும். மிதிக்கும்போது "டொக்" என்று ஒரு சத்தம் கேட்டால் உடனே இறுக்கிக்கொள்வது நல்லது, விட்டால் துளையே அகன்றுவிடும். பிரேக் ரப்பர் கோடையில் நீடித்து உழைக்கும், செம்மண் சேற்றில் சீக்கிரம் கரையும். செயினுக்குத் தடித்த கிரீஸ் பூசுகிறவர்களைப் பார்க்கிறேன். அது தூசியைப் பிடித்து வைத்து செயினைத் தின்னும். தையல் மெசின் எண்ணெய் சில துளி விட்டு, பழந்துணியால் துடைத்துவிட்டால் போதும்.

குளக்கட்டுகளில் போகும்போது நெருஞ்சியும் உடைமுள்ளும்தான் எதிரி. ஓரத்துக்குப் போகாமல் ஆட்கள் நடந்து நடந்து தேய்ந்த தடத்திலேயே சில்லை வைத்திருந்தால் பஞ்சர் பெரும்பாலும் வராது. கிரவலில் ஓடுவதானால் பெருவிரலால் அழுத்தினால் சற்று அமுங்கும் அளவுக்குக் காற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள், முதுகெலும்பு நன்றி சொல்லும்.

எனக்குப் பிடித்த சுற்று மாங்குளத்தில் தொடங்கி ஒட்டுசுட்டான், அங்கிருந்து தெற்கே நெடுங்கேணி, பிறகு புளியங்குளத்தில் ஏ9 ஏறி மாங்குளம் திரும்புவது. மாங்குளம்–முல்லைத்தீவு வீதியில் வாகனம் குறைவு. இரண்டு பக்கமும் காடு நிற்கும் இடங்களில் சோளகம்கூட மேலால் போய்விடும். பாலை, வீரை, முதிரை எல்லாம் நிழல் தரும். ஒட்டுசுட்டானில் தான்தோன்றீஸ்வரர் கோயில் வாசலில் இளைப்பாறலாம். அதற்கு அண்மையில் கற்சிலைமடு. வன்னியை ஆண்ட பண்டாரவன்னியன் 1803 ஒக்டோபர் 31 அன்று இங்கே தோற்கடிக்கப்பட்டதாக எதிரிகளான ஆங்கிலேயரே நட்டுவைத்த கல்லால் பெயர்பெற்ற இடம். வாகனத்தில் போகிறவர்கள் கவனிக்காமல் தாண்டுவார்கள். சைக்கிளில் போனால் நிற்காமல் போக மனம் வராது. நேரமிருந்தால் முத்தையன்கட்டுக் குளத்துக்கும் போய் வாருங்கள். குளங்களில் முதலை உண்டு. ஊர்ச்சனம் குளிக்கிற துறையைத் தவிர வேறெங்கும் இறங்க வேண்டாம்.

ஆனி, ஆடியில் பாலைப்பழம். வீதியோரம் சுண்டுக் கணக்கில் விற்பார்கள். இனிப்பு அப்படி, பால் உதட்டில் ஒட்டிக்கொள்ளும். அதை வாங்கித் தின்னுங்கள், பறிக்கவென்று காட்டுக்குள் போகாதீர்கள். கரடிக்கும் அந்தப் பழம்தான் உயிர். கரடி ஒரு காரணம், மற்றது மிதிவெடி. எத்தனையோ வருடங்களாக அகற்றிக்கொண்டிருக்கிறார்கள், பெரும்பகுதி துப்புரவாகியும் விட்டது. ஆனாலும் மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகை இருக்கும் பக்கம் ஒதுங்கக்கூட இறங்கக் கூடாது. பழகிய தடத்தை விட்டு விலகாதிருப்பது இந்த மண்ணில் ஒரு ஒழுக்கம்.

அப்புறம் யானை. ஒலுமடுப் பக்கம் ஒரு தேத்தண்ணிக் கடையில் அம்மா ஒருவர் பிளேன்ரீயை வைத்துவிட்டுக் கேட்டார்: "எங்க தம்பி போறியள்? அஞ்சு மணிக்குப் பிறகு அந்தப் பக்கம் போகாதேங்கோ, ஆனை நிக்குது." அது எனக்குச் சட்டம் மாதிரி. வரைபடத்தைவிட அன்றைக்குக் காலையில் அந்த வீதியால் வந்தவர் சொல்வதுதான் சரியான தகவல். வேகமாக ஓடித் தப்பலாம் என்ற எண்ணமே வேண்டாம். தூரத்தில் கண்டால் நின்று, சத்தம் போடாமல் திரும்பி, அடுத்த வாகனம் வரும்வரை காத்திருங்கள்.

பரந்தன்–முல்லைத்தீவு வீதியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால், வட்டுவாகல். 2009இல் சனம் உடுத்த உடுப்போடு, சைக்கிளில் கட்டக்கூடியதைக் கட்டிக்கொண்டு இடம்பெயர்ந்த வீதி. இன்று தார் போட்டு நன்றாக இருக்கிறது, ஓடுவதற்குச் சுலபம். ஆனால் அதைச் சுற்றுலா வீதியாக நினைத்துப் போவதை நான் ஏற்கவில்லை. போகிறவர்கள் வீடுகளையும் சனத்தையும் படமெடுக்காமல், யாராவது பேச விரும்பினால் சைக்கிளை நிறுத்திக் கேட்டுவிட்டுப் போகட்டும். வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக் கண்ணகை அம்மனிடம் போகிற சனத்தோடு சேர்ந்து ஓடியிருக்கிறேன். கடல்நீரில் விளக்கெரிகிற அந்தக் கோயிலுக்குப் போகிற ஒவ்வொருவரும் யாரையோ நினைத்துத்தான் போகிறார்கள். அன்றைக்கு வீதியில் நெரிசல், அமைதி தேடுபவர்களுக்கு ஏற்ற நாளல்ல. எனக்கு அதுவே நிறைவான ஓட்டம்.

தண்ணீர் விஷயத்தில் கவனம். கிணற்றுநீர் பல ஊர்களில் கடினம், வவுனியாப் பக்கம் சில கிராமங்களில் சிறுநீரக நோயும் இருக்கிறது. சுத்திகரித்த நீர் விற்கும் இடம் ஊருக்கு ஊர் வந்துவிட்டது, அங்கே நிரப்புங்கள். காட்டு வீதிக்குள் நுழையுமுன் மூன்று லீற்றராவது கரியரில் இருக்கட்டும். 28 அங்குல ரியூப் எந்தச் சந்தியிலும் கிடைக்கும். வேறு அளவுச் சில்லு என்றால் இரண்டு ரியூப், ஒட்டுச் சாமான், பம் மூன்றையும் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ வாங்கிக்கொண்டே உள்ளே இறங்குங்கள்.