ஒன்றும் நடக்காததற்கு ஒரு பதக்கம்: அமெரிக்கத் தரைப்படையின் குடிமைப் பணியாளர் விருதுகள் எப்படி?

மேரிலாந்தின் ஃபோர்ட் டெட்ரிக்கில் இருக்கும் யுசாம்ரிட் (தரைப்படையின் தொற்றுநோய் ஆய்வு நிறுவனம்) போன்ற ராணுவ மருத்துவ ஆய்வகத்தில் பல ஆண்டுகள் உழைத்த ஒரு பாதுகாப்பு நிபுணரைக் கௌரவிக்க, தரைப்படையிடம் சட்டையில் குத்தும் பணிக்காலச் சின்னம், சான்றிதழ், பதக்கம், ரொக்கம், விடுப்பு என்று எல்லாமே உண்டு. பணிக்காலத்தை அளப்பதில் இந்த ஏற்பாட்டில் குறையில்லை. செய்த வேலையை அளப்பதில்தான் சறுக்குகிறது.

முதல் சிக்கல், ஆளையே தவறாகப் புரிந்துகொள்வது. அமெரிக்க அரசுப் பணி வகைப்பாட்டில் 0080 என்ற எண்ணுள்ள பணித்தொகுதியைச் சேர்ந்த நிபுணர் வாசல் காவலர் அல்ல. காவலருக்கு 0085 என்று தனித் தொகுதியே இருக்கிறது. யாருக்கு அனுமதி, யாருடையது காலாவதி, எந்தப் பதிவேட்டில் ஓட்டை என்று பார்ப்பவர் இவர். ஆந்த்ராக்ஸ், எபோலா போன்ற ‘முதல் அடுக்கு’க் (மிக ஆபத்தானவை என்று அரசு பட்டியலிட்ட) கிருமிகளுக்குக் குறைந்தது மூன்று பாதுகாப்புத் தடைகள் வேண்டும். அத்துமீறல் நடந்தால் காவல் படை 15 நிமிடத்துக்குள் வந்து சேர வேண்டும். அணுகும் ஒவ்வொருவருக்கும் எஃப்பிஐ செய்யும் பின்னணிச் சோதனை அதிகபட்சம் மூன்று ஆண்டுகளுக்குத்தான் செல்லும். பாதுகாப்புத் திட்டத்தை ஆண்டுதோறும் மறுபரிசீலனை செய்து ஒத்திகையும் நடத்த வேண்டும். இதெல்லாம் ஒழுங்காக நடந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. பரிந்துரைப் படிவமோ ‘சாதனை’ கேட்கிறது!

ஆகவே அந்தப் பரிந்துரைப் படிவத்தை (டிஏ 1256) நிரப்பும் மேலாளர்கள் பலர் ‘அர்ப்பணிப்பு’, ‘விடாமுயற்சி’ என்று நிரப்பிவிடுகிறார்கள். அதை வைத்து விருதுக் குழுவால் எதையும் எடைபோட முடியாது. எண்ணக்கூடியதை எழுதுங்கள்: காலாவதிக்கு முன்பே புதுப்பிக்கப்பட்ட அனுமதிகள், வேலையை விட்டவரின் அட்டை எத்தனை மணி நேரத்தில் முடக்கப்பட்டது, தணிக்கையில் கண்ட குறைகள் எத்தனை நாளில் தீர்ந்தன, இருப்புக் கணக்கும் உறைபெட்டியும் ஒத்துப்போயினவா. கடைசியாகச் சொன்னது அற்ப விஷயமல்ல. 2009இல் யுசாம்ரிட் பெரும்பாலான ஆய்வுகளை நிறுத்திவைத்து எண்ணிப் பார்த்தபோது, பதிவில் இல்லாத குப்பிகள் 9,200க்கும் மேல் கிடைத்தன. வெளியேறிய ஆய்வாளர்கள் விட்டுச்சென்றவையும் அதில் இருந்தன. ஆய்வாளர் கிளம்பும் நாளில் கணக்கை ஒப்படைக்கச் சொல்லி விடாப்பிடியாக நிற்பவருக்கு எந்தப் பதக்கமும் தகும்.

பாராட்டுரை மேடையில் வாசிக்கப்படும், படத்தோடு வெளியாகும் என்பதையும் மறக்க வேண்டாம். எந்தக் கதவு, எந்தக் கேமரா, எந்த ஓட்டை அடைக்கப்பட்டது என்று எழுதினால் அந்த நிபுணரே முதல் ஆளாக அந்த வரியை அடித்து நீக்கிவிடுவார். விளைவை மட்டும் சொல்லி, வழியை விட்டுவிடுங்கள்.

எதைக் கேட்பது? ஒரே ஒரு நல்ல வேலைக்குச் சாதனைப் பதக்கம் போதும். நீண்ட காலப் பங்களிப்புக்கு அதற்கு மேல்நிலையில் உள்ள பாராட்டுப் பதக்கத்தைக் கேளுங்கள். ரொக்கத்தில் வரிப்பிடித்தம் உண்டு. விடுப்பு விருது ஒரு பங்களிப்புக்கு 40 மணி நேரம், ஆண்டுக்கு 80 மணி நேரம் வரை. களைத்துப்போனவருக்கு ரொக்கத்தைவிட இதுவே மேல். ஆனால் அதைப் பணமாக மாற்ற முடியாது. பணி ஓய்வுக்குச் சில வாரங்களே மிச்சமிருப்பவருக்கு அதைக் கொடுப்பது வெறும் காகிதம்.