ஆகஸ்ட் நள்ளிரவா, பிப்ரவரி விடியலா? யூஃபா சூப்பர் கோப்பையும் ரெகோபாவும்

2023-லிருந்து இரண்டையும் விடாமல் பார்த்து வந்தேன். ஆகஸ்டில் ஐரோப்பியக் கால்பந்தின் யூஃபா சூப்பர் கோப்பை, பிப்ரவரியில் தென் அமெரிக்கக் கால்பந்தின் ரெகோபா சுடமெரிக்கானா. மறுநாள் வேலைக்குப் போகிறவனுக்கு இரண்டுக்கும் தூக்கத்தை விட்டுக்கொடுப்பது கட்டுப்படியாகவில்லை, அதனால் இனி ரெகோபா மட்டும் என்று முடிவுக்கு வந்துவிட்டேன். ஐரோப்பிய ஆட்டம் நமக்கு நள்ளிரவு 12.30-க்குத் தொடங்கும், ரெகோபா காலை 6 மணி வாக்கில். நேரமும் ஒரு காரணம்தான், ஆனால் பெரிய காரணம் வேறு.

இரண்டும் என்னவென்று தெரியாதவர்கள் குறைவு. ஐரோப்பாவில் முதல்நிலை கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக் வென்ற அணியும் அடுத்த நிலையான யூரோப்பா லீக் வென்ற அணியும் பொதுவான ஓர் ஊரில் ஒரே ஒரு ஆட்டம் ஆடும். தென் அமெரிக்காவில் முதல்நிலைப் போட்டியான லிபெர்தடோரெஸின் சாம்பியனும் அடுத்த நிலையான சுடமெரிக்கானா கோப்பையின் சாம்பியனும் மோதும், ஆனால் இரண்டு ஆட்டம்: இவர்கள் ஊரில் ஒன்று, ஒரு வாரம் கழித்து அவர்கள் ஊரில் ஒன்று. இரண்டிலும் அடித்த கோல்களைக் கூட்டிப் பார்ப்பார்கள். லிபெர்தடோரெஸ் சாம்பியனின் ஊரில்தான் இரண்டாவது ஆட்டம்.

ஆட்டத்தின் தரம் என்றால் ஐரோப்பாதான், அதில் பேச்சே இல்லை. 2015-இல் திபிலிசியில் பார்சிலோனா 4-1 என்று முன்னிலையில் இருக்க, செவியா விரட்டி வந்து 4-4 ஆக்கியது, கடைசியில் கூடுதல் நேரத்தில் பெட்ரோ அடித்த கோல்தான் பார்சிலோனாவைக் காப்பாற்றியது. 2025-இல் உடினேயில் 85-ஆவது நிமிடம் வரை டோட்டன்ஹாம் 2-0 என்று முன்னால் இருந்தது, பாரிஸ் கிளப்பான பிஎஸ்ஜி அதைச் சமன்செய்து பெனால்டியில் வென்றது. ட்ரோன்ஹைம், ஸ்கோப்யே, டாலின் மாதிரி பெரிய கிளப்புகள் அபூர்வமாகவே வரும் ஊர்களுக்கு இந்த ஆட்டத்தைக் கொண்டுபோனதும் எனக்குப் பிடித்த விஷயம்.

ஆனாலும் யார் ஜெயிப்பார்கள் என்ற கேள்விக்கு அங்கே பெரும்பாலும் முன்கூட்டியே பதில் இருக்கிறது. 2018-இல் யூரோப்பா லீக் வழியாக வந்த அட்லெட்டிகோ மாட்ரிட் ரியல் மாட்ரிட்டை 4-2 என்று வென்றது. அதற்குப் பிறகு 2019 முதல் 2025 வரை ஏழு வருடமும் கோப்பை சாம்பியன்ஸ் லீக் வென்ற அணிக்கே போயிருக்கிறது. ரெகோபாவைப் பாருங்கள்: 2021-இல் டிஃபென்சா இ ஹுஸ்திசியா, 2023-இல் இண்டிபெண்டியென்டே டெல் வாயே, 2025-இல் ராசிங், மூன்றுமே சுடமெரிக்கானா வழியாக வந்தவை. நடுவே 2022-இல் பால்மெய்ராஸ், 2024-இல் ஃப்ளுமினென்ஸே, இவை லிபெர்தடோரெஸ் சாம்பியன்கள். மாறி மாறி வந்திருக்கிறது.

இந்த வித்தியாசத்துக்குப் பெரிய காரணம் சொந்த மைதானம் என்றே நினைக்கிறேன். என் முடிவும் இந்த இடத்தில்தான் நிற்கிறது. ஈக்வடாரின் கிட்டோ கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ரியோவிலிருந்து வரும் அணிக்கு அங்கே மூச்சு வாங்கும், மெல்லிய காற்றில் பந்து பறக்கிற வேகமும் வேறு. 2023-இல் ரியோவின் ஃப்ளமெங்கோ அங்கே போய் இண்டிபெண்டியென்டே டெல் வாயேயிடம் 0-1 என்று தோற்றது. ஒரே ஆட்டமாக இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஒரு வாரம் கழித்து ரியோவின் மரக்கானா மைதானத்தில், 90 நிமிடம் தாண்டி ஆறாவது நிமிடத்தில் ஃப்ளமெங்கோவின் அர்ராஸ்காயெட்டா கோல் அடித்து மொத்தக் கணக்கைச் சமன்செய்தார். விடியற்காலையில் வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருக்க, வாயைப் பொத்திக்கொண்டு குதித்தேன். கூடுதல் நேரத்திலும் முடியவில்லை, பெனால்டிக்குப் போனது. அதே அர்ராஸ்காயெட்டாவின் உதை உள்ளே போகவில்லை, கோப்பை ஈக்வடாருக்குப் போய்விட்டது. அந்த ஒரு வாரம் முழுக்க எனக்குள் ஓடிக்கொண்டிருந்த எதிர்பார்ப்பை எந்த ஆகஸ்ட் ஆட்டமும் தந்ததில்லை.

அடுத்த வருடம் அதே கிட்டோ, வேறு கிளப். கிட்டோ கிளப்பான எல்டியூவிடம் 0-1 என்று தோற்றுத் திரும்பிய ஃப்ளுமினென்ஸே, மரக்கானாவில் 76-ஆவது நிமிடம் வரை கோலே அடிக்கவில்லை. அப்புறம் ஜான் ஆரியாஸ் ஒன்று, கடைசியில் பெனால்டியில் அவரே இன்னொன்று.

ஐரோப்பாவிலும் இந்த இரண்டு ஆட்ட முறை இருந்ததுதான். 1973-ஆம் ஆண்டுக்கான கோப்பையில் அயாக்ஸ் மிலானில் 0-1 என்று தோற்று, ஆம்ஸ்டர்டாமுக்கு வந்து 6-0 என்று அடித்தது! 1998-இல் ஒரே ஆட்டமாக்கி மொனாக்கோவுக்குக் கொண்டுபோய், 2012 வரை அங்கேயே நடத்தினார்கள். அட்டவணையில் இடமில்லை என்ற நியாயம் புரிகிறது. ஆனால் விட்டுக்கொடுத்தது சின்ன விஷயமில்லை. ஆப்பிரிக்க சூப்பர் கோப்பையில் இது இன்னும் கண்ணை உறுத்துகிறது: 2024-இல் ஜமாலெக், அல் அஹ்லி என்று கெய்ரோவின் இரண்டு கிளப்புகளே மோதின, ஆட்டம் நடந்ததோ ரியாத்தில்.

ரெகோபாவின் குறையையும் சொல்லிவிடுகிறேன். கோப்பை வென்ற அணியும் பிப்ரவரியில் ஆட வரும் அணியும் பல நேரம் ஒன்றல்ல. 2024 நவம்பரில் லிபெர்தடோரெஸ் வென்ற பொட்டாஃபோகோவிலிருந்து லூயிஸ் என்ரிக்கே, அல்மாடா, பயிற்சியாளர் அர்தூர் ஜோர்ஜ் மூவருமே ஜனவரியில் போய்விட்டார்கள். ராசிங் இரண்டு ஆட்டத்திலும் 2-0 என்று வென்றது, அந்த வருடம் இரண்டாவது ஆட்டத்துக்கு எழுந்தது எனக்கே வீண் என்று பட்டது. பிரேசில் அணிகளுக்குப் பருவத் தொடக்கம் என்பதால் கால்களில் வேகமும் குறைவு. நான் பார்த்ததெல்லாம் திரையில்தான், அதுவும் சில வருடங்களே. அரங்கில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு ஆகஸ்ட் இரவு வேறு மாதிரி இருக்கலாம். ஐரோப்பிய கிளப் ஒன்றின் ரசிகர் என்றால் உங்கள் அணி ஆடும் வருடம் என் பேச்சைக் கேட்க வேண்டாம், பாருங்கள்.

நான் இனி செய்யப்போவது இவ்வளவுதான். ஆகஸ்ட் ஆட்டத்தை மறுநாள் மாலை பத்து நிமிடச் சுருக்கமாகப் பார்த்துக்கொள்வேன். பிப்ரவரியில் இரண்டு நாள் அதிகாலை 5.45-க்கு அலாரம் வைப்பேன், முதல் ஆட்டம் கிட்டோவில் என்றால் ஒன்றுக்கு இரண்டு அலாரமாக.