412 நாட்கள் என்று எழுதியிருந்த பலகை

சென்னைக்கு அருகே ஒரகடத்தில் கார் உதிரிபாகம் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் 2021 ஜூலை முதல் 2023 ஜனவரி வரை வேலை பார்த்தேன். பெயரை எழுதப்போவதில்லை. அவர்களிடம் வக்கீல் இருக்கிறார், என்னிடம் இல்லை. டிப்ளமோ இறுதியாண்டில் இருக்கும் தம்பி தங்கைகள் படிக்கட்டும் என்று எழுதுகிறேன். என்னையும் கல்லூரி வளாகத் தேர்வில்தான் பிடித்தார்கள்.

தேர்வுக்கு வந்த மனிதவள அதிகாரி தேன் ஒழுகப் பேசினார். ஆறு மாதம் பயிற்சி, அப்புறம் நிரந்தரம், மாதம் பதினைந்தாயிரம், சாப்பாடும் பஸ்ஸும் இலவசம். சேர்ந்த அன்று பத்தாம் வகுப்பு, டிப்ளமோ அசல் சான்றிதழ்களைச் சரிபார்ப்பதற்கு என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். இரண்டு வருடத்துக்குள் விலகினால் மூன்று மாதச் சம்பளம் கட்ட வேண்டும் என்று ஒரு தாளிலும் கையெழுத்து வாங்கினார்கள். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து அப்பாவும் கூட வந்திருந்தார். "பெரிய கம்பெனிப்பா, சான்றிதழை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறார்கள், கொடு" என்றார். கொடுத்தேன். தாளை முழுதாகப் படிக்காதது என் தப்பு, அதை மறைக்கவில்லை.

முதல் மாதம் கைக்கு வந்தது 12,480 ரூபாய். மீதி, ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காதவர்களுக்கு மட்டும் கிடைக்கும் வருகை ஊக்கத்தொகையாம். மிகைநேர வேலைக்கு மணிக்கு 60 ரூபாய் கொடுத்தார்கள். 26 நாள், எட்டு மணி நேரம் என்று வகுத்துப் பார்த்தால் என் சாதாரண மணிக்கூலியே அந்த 60தான். அப்போது நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டப்படி இரட்டிப்பாக, 120 கொடுத்திருக்க வேண்டும். கேட்டதற்கு, "நீ தொழிலாளி இல்லை தம்பி, பயிற்சியாளன்" என்றார்கள். அந்தச் சட்டமோ நேரடியாக வந்தாலும் ஒப்பந்தக்காரர் வழியாக வந்தாலும், கூலி வாங்கினாலும் வாங்காவிட்டாலும், உற்பத்தியில் வேலை செய்கிறவரைத் தொழிலாளி என்றுதான் சொன்னது. இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்றைக்குத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஆறு மாதம் பதினொன்று ஆனது. நிரந்தர ஆணைக்குப் பதில் "உயர்நிலைப் பயிற்சியாளர்" என்று புதுக் கடிதமும் புது அடையாள எண்ணும் வந்தன, நடுவில் சம்பளமில்லாமல் ஒரு வாரம் கட்டாய விடுப்பு. ஏன் இந்த ஒரு வாரம் என்று யாருக்கும் புரியவில்லை. 24 மாதங்களுக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று 1981இல் தமிழ்நாடு அரசு ஒரு சட்டம் போட்டது. அந்தத் 'தொடர்ந்து' என்ற ஒரு சொல்லை அறுக்கத்தான் அந்த ஒரு வாரம்.

நிர்வாக இயக்குநர் மாதம் ஒருமுறை எங்களை வரிசையாக நிற்க வைத்துப் பேசுவார். "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று தொடங்காத கூட்டம் கிடையாது. அந்தக் குடும்பத்தில் நிரந்தரத் தொழிலாளர்களின் நீலச் சட்டைக்கு முட்டை உண்டு, எங்களைப் போன்ற பயிற்சியாளர்களின் சாம்பல் சட்டைக்குக் குழம்பு மட்டும். கருத்துப் பெட்டி ஒன்று வைத்திருந்தார்கள், நேர் மேலே கண்காணிப்புக் கேமரா. வாடிக்கையாளர் நிறுவனத்திலிருந்து தணிக்கைக்கு ஆள் வரும் நாளில் எல்லோருக்கும் புதுக் கையுறை, காதடைப்பான். மாலையில் வாயிலில் பெட்டி வைத்து எண்ணித் திரும்ப வாங்கிக்கொள்வார்கள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். 2022 ஆகஸ்டில் நடந்ததைப் பொறுக்க முடியவில்லை.

நான் தர ஆய்வில் இருந்தேன். உலோகத் தகட்டை அழுத்தி வடிவமாக்கும் பிரஸ் மெஷின்களுக்கு இரண்டு பொத்தான்கள் இருக்கும். இரண்டு கையாலும் ஒரே சமயத்தில் அழுத்தினால்தான் மெஷின் இறங்க வேண்டும், அப்போது கை உள்ளே இருக்க வாய்ப்பில்லை. மணிக்கு 400 என்று இருந்த இலக்கை 520 ஆக்கினார்கள். இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தால் 520 வராது. ஆகவே ஒரு பொத்தானில் மரச்சில்லு செருகி டேப் ஒட்டியிருந்தது. கை குறுக்கே வந்தால் மெஷினை நிறுத்தும் ஒளித்திரையையும் அணைத்து வைத்திருந்தார்கள். எல்லோருக்கும் தெரியும். பார்த்துப் பழகிவிட்டதால் எனக்கும் அது தப்பாகத் தெரியவில்லை.

மூன்றாவது ஷிப்ட், விடியற்காலை நான்கு மணி இருக்கும். ஒடிசாவிலிருந்து வந்த பையன், வேலைக்குச் சேர்ந்து பத்தொன்பது நாள். சத்தம் கேட்டுத் திரும்பினேன். வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. அவன் கத்தக்கூட இல்லை, கையைப் பார்த்தபடி நின்றான். ஓடி வந்த ஷிப்ட் பொறுப்பாளர் முதலில் செய்த காரியம், அந்த மரச்சில்லைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டதுதான். அதற்குப் பிறகுதான் துணி எடுத்து வரச் சொன்னார்.

108க்குப் போன் செய்யவில்லை. சரக்கு ஏற்றும் வண்டியில் ஒரு தனியார் கிளினிக்குக்குக் கொண்டு போனார்கள். இ.எஸ்.ஐ. என்ற அரசுத் தொழிலாளர் காப்பீட்டு மருத்துவமனைக்கு ஏன் போகவில்லை என்றால், அதில் அவன் பெயரில் பதிவே இல்லை. ஒப்பந்தக்காரர் மறுநாள்தான் பதிந்தார். வேலையிடத்தில் காயம்பட்டால் இ.எஸ்.ஐ.யில் முதல் நாளிலிருந்தே உரிமை உண்டு. சிகிச்சைக் காலத்தில் கூலியில் 90 சதவீதம், உறுப்பு இழந்தால் இழப்புக்கு ஏற்ப மாதாமாதம் பணம். ஆனால் அதற்கு, விபத்து நடந்தது என்று கம்பெனி எழுதிக் கொடுக்க வேண்டுமே! கையில் கொஞ்சம் பணத்தைத் திணித்து ரயில் ஏற்றிவிட்டார்கள் என்று அவனுடன் தங்கியிருந்தவர்கள் சொன்னார்கள். எவ்வளவு என்று அவர்களுக்கும் தெரியவில்லை.

வாயிலில் 'விபத்தில்லா நாட்கள்' என்று ஒரு பலகை. இரவு நான் உள்ளே போகும்போது 412 என்று இருந்தது. காலையில் வெளியே வரும்போது காவலாளி அண்ணன் ஏணி மேல் நின்று இரண்டை எடுத்துவிட்டு மூன்றைச் செருகிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.

ஜனவரியில் விலகல் கடிதம் கொடுத்தேன். சான்றிதழ் வேண்டுமானால் 37,440 ரூபாய் கட்டு என்றார்கள். என் வயதில் ஒருவருக்கு அது மூன்று மாதச் சாப்பாடு, வாடகை, வீட்டுக்கு அனுப்பும் பணம் எல்லாம். தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுத்து, அதன் நகலைக் கம்பெனிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். மூன்றாவது வாரம் "வந்து வாங்கிக்கொள்" என்று அவர்களே கூப்பிட்டார்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் கோப்பில் கோக்க இரண்டு துளை போட்டிருந்தார்கள், ஒன்று சரியாக என் பிறந்த தேதியின் மேல். மிகைநேரப் பாக்கி இன்றுவரை வரவில்லை.

உங்கள் கல்லூரிக்கும் யாராவது தேன் ஒழுகப் பேசிக்கொண்டு வருவார்கள். அசலைக் கொடுக்காதீர்கள், காட்டிவிட்டு நகலைக் கொடுங்கள். கடிதத்தில் என்ன பதவி என்று பாருங்கள். சேர்ந்த வாரமே இ.எஸ்.ஐ. எண்ணைக் கேளுங்கள், அடிபட்ட பிறகு கேட்டால் அது வேறு கதை. முடிந்தால் சேர்வதற்கு முந்தின நாள் ஷிப்ட் விடும் நேரத்தில் வாயில் எதிரே உள்ள டீக்கடையில் அரை மணி நேரம் உட்காருங்கள். சாம்பல் சட்டைக்காரர்களிடம் எத்தனை வருடமாக இங்கே இருக்கிறீர்கள் என்று கேளுங்கள். நான் அந்த டீக்கடையில் முதன்முதலாக உட்கார்ந்தது சேர்ந்து நான்கு மாதம் கழித்து.

இன்னும் அங்கேயே இருக்கும் நண்பன் ஒருவன் 2024 மார்ச்சில் போன் செய்தான். பலகையில் ஆயிரம் வந்துவிட்டதாம். நிர்வாக இயக்குநரே வாயிலுக்கு வந்து ஆளுக்கொரு லட்டு கொடுத்தாராம், சாம்பல் சட்டைக்கும் சேர்த்து.