பருத்தி விதை எண்ணெய்: பொரிக்கலாம், தாளிக்க வேண்டாம்

குஜராத்தில் அன்றாடச் சமையலில் புழங்கும் பருத்தி விதை எண்ணெய், தேங்காய் எண்ணெயிலேயே பழகிய குமரி மாவட்டத்து அடுக்களைகளுக்குப் புதியது. பருத்திக்கொட்டை என்றால் இங்கே பசுவுக்கு ஊறவைத்து அரைத்து வைக்கும் தீவனம் என்றுதான் அறிவோம். நாகர்கோவிலில் வாங்கிய சுத்திகரித்த எண்ணெயை வீட்டில் பயன்படுத்திப் பார்த்ததில், பொரிப்பதற்கு இதைத் தயங்காமல் வாங்கலாம் என்றே கருதுகிறேன்.

நிறம் வெளிர்மஞ்சள்; தனி மணம் எதுவும் இல்லை. ஏறத்தாழ 220 டிகிரி செல்சியஸ் வரை புகையாது என்பதால், 180 டிகிரியை ஒட்டிய சூட்டில் அச்சப்பமும் முந்திரிக்கொத்தும் கருகல் வாடையின்றி மொறுமொறுப்பாக வெந்தன. முந்திரிக்கொத்தில் சிறுபயறு, கருப்பட்டி, ஏலக்காய் ஆகியவற்றின் மணம் எண்ணெயால் மங்காமல் தெரிந்தது. லினோலெனிக் அமிலம் என்னும் ஒமேகா-3 வகைக் கொழுப்பு அமிலம் இதில் மிகக் குறைவாக இருப்பதால், சோயா எண்ணெயைச் சூடாக்கும்போது சில நேரம் எழும் வாடையும் இல்லை. ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் மட்டும் நன்றாக முறுகியும் சுவையில் சற்று வெறுமையாகவே இருந்தது. அதற்குத் தேங்காய் எண்ணெய்தான் வேண்டும். அவியல், தீயல் பக்கம் இதைக் கொண்டுபோகவே வேண்டாம்.

மரச்செக்கு எண்ணெயை விரும்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பருத்தி விதையில் காசிபால் என்னும் நச்சுப்பொருள் உள்ளது. ஆட்டியெடுத்த பச்சை எண்ணெய் கருஞ்சிவப்பாக இருப்பதற்கும் அதுவே முக்கியக் காரணம். காரத்தன்மையுள்ள வேதிப்பொருள் (ஆல்கலி) சேர்த்துச் சுத்திகரித்து, நிறம் நீக்கி, மணம் போக்கிய பிறகே இது உண்ணத் தகுந்ததாகிறது. ஆகவே 'செக்கில் ஆட்டியது' என்று யாராவது இந்த எண்ணெயை விற்றால் சமையலுக்கு வாங்க வேண்டாம்.

தேங்காய் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு ஏறத்தாழ 90 விழுக்காடு. பருத்தி விதை எண்ணெயில் அது மொத்தக் கொழுப்பில் கால் பங்கு அளவே. பாதிக்கும் மேல் ஒமேகா-6 வகையைச் சேர்ந்த லினோலிக் அமிலம். ஒமேகா-3 இல்லை என்றே சொல்லலாம். ஒமேகா-3 நிறைந்த சாளை (மத்தி) மீனை அடிக்கடி குழம்பு வைக்கும் வீடுகளில் அந்தக் குறை பெரிதாகத் தெரியாது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் எண்ணெய் கலங்கக்கூடும். கெட்டுவிட்டதென்று கொட்டிவிடாமல் வெளியே எடுத்து வைத்தால் தெளிந்துவிடும்.

நான் பார்த்த கடையில் ஒரு லிட்டர் பொதி மட்டுமே இருந்தது. பலகாரம் சுடும் கிறிஸ்துமஸ், ஓணக் காலங்களில் அது சரியான அளவு. இருவர் மட்டும் உள்ள வீட்டுக்கு அரை லிட்டரே போதும்.